தொன்மையும் விருந்தும்: இரு பிரிட்டிஷ் இசைத்தொகுப்புகள் ஓர் ஒப்பாய்வு

செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் தொன்மை என்றும் விருந்து என்றும் இரண்டை வகுத்துள்ளார். பழங்கதையைப் பொருளாகக் கொண்டு இயல்வது தொன்மை. புதுவதாகப் படைக்கப்பெறுவது விருந்து. பழமையே உயர்ந்தது என்றோ புதுமைக்கே உயிருண்டு என்றோ அவர் தரம் பிரித்தாரல்லர். இரண்டையும் வனப்பென்றே ஒரு வரிசையில் வைத்தார். செய்யுளுக்குச் சொன்ன இவ்வளவுகோல் இசைக்கும் பொருந்துவதே. பிரிட்டனில் தோன்றிப் பெரும் பாராட்டுப் பெற்ற இரண்டு இசைத்தொகுப்புகளை அதனைக்கொண்டு அளந்து பார்ப்பது பயன் தரும். ஒன்று, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினர் 1969 டிசம்பரில் வெளியிட்ட ‘லீஜ் அண்ட் லீஃப்’. மற்றொன்று, மாசிவ் அட்டாக் குழுவினர் 1991 ஏப்ரலில் வெளியிட்ட ‘புளூ லைன்ஸ்’.

முன்னது பழைய நாட்டுப்பாடல்களை மின்கிதாரோடும் முரசுகளோடும் இணைத்தது. பின்னது அமெரிக்கக் கறுப்பினத்தாரின் இசையையும் ஜமைக்காவின் ரெகேயையும் கலந்து, பின்னாளில் ‘டிரிப் ஹாப்’ எனப் பெயர் பெற்ற வகைக்கு முன்னோடியாயிற்று. மேற்போக்காகக் கேட்பார்க்கு முன்னது மண்ணில் விளைந்த பாட்டு என்றும், பின்னது இரவல் வாங்கிய ஓசை என்றும் தோன்றக்கூடும். அத்தோற்றம் சரிதானா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. ஏனெனில், ஒரு நாட்டின் கலை மரபுக்கு உரியவர் யார் என்னும் பெருவழக்கு இதனுள் அடங்கியிருக்கிறது.

‘லீஜ் அண்ட் லீஃப்’ ஒரு துயரத்தின் பின் பிறந்தது. 1969 மே மாதத்தில் பர்மிங்காமில் இசை நிகழ்ச்சியை முடித்துத் திரும்பிய குழுவினரின் ஊர்தி எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாயிற்று. பத்தொன்பது வயதே நிரம்பிய முரசுக் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும், கிதார்க் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழியும் உயிரிழந்தனர். எஞ்சியோர் குழுவைக் கலைத்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு மனம் உடைந்தனர். பின்னர் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஃபார்லி சேம்பர்லேன் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கே தங்கிப் புதிய வழியொன்றைத் தேடினர். டேவ் ஸ்வார்பிரிக் வயலினோடும் டேவ் மாட்டக்ஸ் முரசுகளோடும் வந்து சேர்ந்தனர். அடித்தந்தி கிதார் இசைத்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனிலுள்ள செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகத்தில் பழம்பாடல்களைத் தேடித் திரட்டினார்.

அந்நூலகத்தின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1903ஆம் ஆண்டில் சாமர்செட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தோட்டக்காரர் ஒருவர் பாடிய பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டதில் தொடங்கியது செசில் ஷார்ப்பின் தொகுப்புப் பணி. அவருக்கு முன்பே அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் கதைப்பாடல்கள் 305ஐத் தொகுத்து 1882 முதல் 1898 வரை வெளியிட்டிருந்தார். எனவே, அவ்விளைஞர்களின் கைக்குக் கிட்டிய மரபு தாய்வழியாகச் செவியில் விழுந்ததன்று, ஏட்டில் கண்டெடுத்தது. பிறப்பால் ஆங்கிலேயராயினும் அவர்களும் அதனைக் கற்றே பெற வேண்டியிருந்தது.

இத்தொகுப்பின் கொடுமுடி ‘மேட்டி குரோவ்ஸ்’, ‘டாம் லின்’ ஆகிய இரண்டு நெடும்பாடல்கள். முன்னதில் பிரபுவின் மனைவி எளியவன் ஒருவன்மீது காதல் கொள்கிறாள். ஏவலாள் ஓடிச் சென்று தலைவனிடம் சொல்லிவிடுகிறான். இரண்டு கொலைகளில் கதை முடிகிறது. பாடகி சாண்டி டென்னி இக்கொடுமையை அழுகையோ ஆர்ப்பாட்டமோ இன்றிப் பாடுகிறார். கதை கூறுவோர் விலகி நிற்பதால் கதையின் கொடுமை கேட்பார் நெஞ்சில் நேரே தைக்கிறது. சொல் ஓய்ந்த பின்னர் கிதாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்தி ஓடுகின்றன. பாடகி அடக்கிவைத்த சினமெல்லாம் அவ்விடத்தில் கருவிகளின்வழி வெளிப்படுகிறது. ‘டாம் லின்’ பாடலில், வனதேவதையின் பிடியில் சிக்கிய காதலனை மீட்க ஒரு பெண் அவனை இறுகப் பற்றிக்கொள்கிறாள். அவன் பல உருவங்களாக மாறியபோதும் கைவிடாதிருக்கிறாள். சீராக நடவாது திடுமெனத் தாக்கி நிற்கும் தாளம் அப்போராட்டத்திற்கு ஏற்ற நடையாக அமைந்துள்ளது. கருத்தும் ஓசையும் ஒன்றிய இடம் இது.

இனி, இத்தொகுப்பின் மண்வாசனை எனப்படுவதைச் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும். ‘டாம் லின்’ ஸ்காட்லாந்தின் கதைப்பாடல். இடையில் வரும் கருவியிசைக் கோவையில் அயர்லாந்தின் ஆடல் மெட்டுகள் உள்ளன. ‘மேட்டி குரோவ்ஸ்’ பாடலின் கதை ஆங்கிலக் கதையே; எனினும் இவர்கள் அதற்குச் சூட்டிய மெட்டு, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் வழங்கும் ‘ஷேடி குரோவ்’ என்னும் பாட்டினுடையது. ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ பழைய மெட்டுக்குத் தாம்சன் எழுதிய புதுச்சொல். ‘கிரேஸி மேன் மைக்கேல்’ சொல்லும் இசையும் முற்றிலும் புதியது. தாம்சனும் ஸ்வார்பிரிக்கும் ஆக்கியது. காதலியைத் தன் கையாலேயே அறியாது கொன்றுவிட்டுச் சித்தம் கலங்கித் திரியும் ஒருவனின் கதை அது. அறியாதார் அதனையும் நூற்றாண்டுகள் பழைய பாட்டென்றே எண்ணுவர். இப்புறநாட்டு வழியில் ஒன்றைச் சொல்லாமல் விடுதலும் ஆகாது. தம் நாட்டு வேரைத் தேடும் எண்ணத்தை இவர்களுக்கு ஊட்டியதே ‘தி பேண்ட்’ என்னும் வட அமெரிக்கக் குழு 1968இல் வெளியிட்ட தொகுப்புத்தான். ஆகவே தொன்மை என்று போற்றப்படும் இப்படைப்பினுள் விருந்தும் பாதியளவு கலந்திருக்கிறது.

‘புளூ லைன்ஸ்’ பிறந்த இடம் பிரிஸ்டல் துறைமுக நகரம். அட்லாண்டிக் அடிமை வணிகத்தால் செல்வம் கொழித்த நகரம் அது. 1963ஆம் ஆண்டிலேயே அங்கு நகரப் பேருந்துகளில் கறுப்பரையும் ஆசியரையும் நடத்துநராகவும் ஓட்டுநராகவும் அமர்த்த மறுத்தனர். புறக்கணிப்புப் போராட்டத்தின் பின்னரே அத்தடை நீங்கியது. 1980 ஏப்ரலில் கரீபியக் குடியேறிகள் நிறைந்த செயின்ட் பால்ஸ் பகுதியில் கலகம் மூண்டது. இத்தகைய நகரில் 1980களில் ‘வைல்ட் பஞ்ச்’ என்னும் ஒலிபெருக்கிக் குழு இயங்கியது. பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, அவற்றின்மீது பேசியும் பாடியும் கூட்டத்தை மகிழ்விப்பது ஜமைக்காவிலிருந்து வந்த வழக்கம். அக்குழுவிலிருந்து கிளைத்ததே மாசிவ் அட்டாக். டாடி ஜியின் பெற்றோர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள், 3டியின் தந்தை இத்தாலியர், மூன்றாமவர் மஷ்ரூம்.

இவர்களுக்குக் கிட்டிய நூலகம் இசைத்தட்டுப் பெட்டியே. பழைய தட்டிலிருந்து சிறு துண்டை எடுத்து, மீண்டும் மீண்டும் சுழலவிட்டுப் புதுப்பாட்டுக்கு அடித்தளமாக்கும் முறையைச் சாம்பிளர் என்னும் கருவி எளிதாக்கியது. ‘சேஃப் ஃப்ரம் ஹார்ம்’ பாடலின் தாழ்சுரமும் தாளமும் பில்லி கோபம் 1973இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்டஸ்’ என்னும் ஜாஸ் இசையிலிருந்து எடுக்கப்பட்டவை. மூலத்தில் அவை திறமையின் துள்ளல். ஒரு வாசிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும் விரைவு. இங்கோ அதே துண்டு திரும்பத் திரும்ப வந்து, இரவில் ஆளரவமற்ற தெருவில் நடப்பார்க்கு உண்டாகும் அச்சத்தை எழுப்புகிறது. அதன்மேல் ஷாரா நெல்சனின் குரல் எழுகிறது. தனக்குரியோரைத் தீண்டினால் விடமாட்டேன் என்று எச்சரிக்கும் பெண்ணின் குரல் அது. ஓசை ஒன்றே, பொருள் வேறாயிற்று. எடுத்தாளுதல் வேறு, களவு வேறு என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று. கோபத்தின் பெயரும் அப்பாடலை ஆக்கியோர் வரிசையில் இடம் பெற்றுள்ளது.

‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’ இத்தொகுப்பின் மணிமுடி. விரைந்து ஓடும் தாளத்தின்மேல் வில் மலோன் அமைத்த தந்தியிசை மெல்ல விரிகிறது. நிறைவேறாத அன்பைப் பாடும் நெல்சனின் குரல் தாளத்தின் விரைவுக்கும் தந்திகளின் நிதானத்திற்கும் இடையே நின்று தவிக்கிறது. அப்பாடல் தனித்தட்டாக வந்தபோது வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. தாக்குதல் என்னும் பொருள்பட்ட பெயர் வானொலியில் இடர் தரும் எனக் கருதிக் குழுவின் பெயரை ‘மாசிவ்’ என்று அப்போதைக்குச் சுருக்கினர். ஜமைக்காவின் மூத்த பாடகர் ஹொரேஸ் ஆண்டி ‘ஒன் லவ்’, ‘ஹிம் ஆஃப் தி பிக் வீல்’ ஆகியவற்றைப் பாடியிருப்பதும் பொருளுடையது. இளைஞர் தம் தந்தையர் காலத்துக் குரலைத் தேடிப்பிடித்து நடுவில் அமர்த்தினர். விருந்து என்று கொள்ளப்படும் இப்படைப்பினுள் தொன்மைக்குத் தரப்பட்ட இடம் அது.

குறைகளையும் நடுநிலையோடு கூறுதல் முறை. ‘லீஜ் அண்ட் லீஃப்’ பழங்காலத்தின்பால் கொண்ட மதிப்பு சில இடங்களில் அதன் கைகளைக் கட்டிவிடுகிறது. போரில் விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டுத் தப்பியோடும் வீரனைப் பாடும் ‘தி டிசர்ட்டர்’, அரச குடும்பத்தாரின் மன்னிப்போடு அமைதியாக முடிகிறது. வியட்நாம் போர் உலகையே உலுக்கிய 1969ஆம் ஆண்டின் சாயல் அப்பாடலில் படியவில்லை. ‘புளூ லைன்ஸ்’ தொகுப்பிலோ சொற்கட்டு தளர்ந்த இடங்கள் உள. ‘ஃபைவ் மேன் ஆர்மி’யில் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோரின் பிரிஸ்டல் நடை இனிமையுடையதே, ஆயினும் சொன்னவை ஒன்றோடொன்று கோக்கப்படாமல் சிதறுகின்றன. வில்லியம் டிவானின் பழைய பாட்டொன்றை மறுபடி பாடியதில் மூலத்தைக் கடந்த சிறப்பு இல்லை. கதையை வளர்த்துச் செல்லும் ஆற்றலில் முன்னது மேம்பட்டது. தன் காலத்தின் உணர்வைப் பற்றியதில் பின்னது மேம்பட்டது.

காலம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வெளிவந்தபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ 17ஆம் இடத்தையும், ‘புளூ லைன்ஸ்’ 13ஆம் இடத்தையுமே எட்டின. ஆயினும் 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் முன்னதை மிகுந்த செல்வாக்குப் பெற்ற நாட்டுப்பாடல் தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தனர். பின்னதன் வழியில் பிரிஸ்டல் நகரின் பெயரே ஓர் இசை நெறிக்கு அடையாளமாயிற்று. அந்நகரின் பெரிய இசையரங்கு அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் பெயரைத் தாங்கியிருந்தமையால் மாசிவ் அட்டாக் குழுவினர் அங்கு இசைக்க மறுத்துவந்தனர். 2020 ஜூன் மாதத்தில் மக்கள் கோல்ஸ்டனின் சிலையைச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். அவ்வாண்டு செப்டம்பரில் அரங்கும் ‘பிரிஸ்டல் பீக்கன்’ எனப் பெயர் மாறியது. இரவலர் என்று எண்ணப்பட்டவர்கள் தம் நகரத்தின் பெயர்ப்பலகையில் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்று கேட்கும் உரிமையுடையோராய் நின்றனர்.

ஆகவே, ஒன்று மண்ணின் பாட்டு, மற்றொன்று இரவல் ஓசை என்னும் பாகுபாடு நிற்கவில்லை. இரண்டும் தொகுத்துப் பெற்றவை. இரண்டும் கடல் கடந்து வந்தவற்றைத் தம்முள் ஏற்றவை. இரண்டும் பெற்றதைப் பெற்றவாறே வைக்காமல் மாற்றித் தந்தவை. ஹாம்ப்ஷயர் வீட்டில் வயலினோடு அமர்ந்தவருக்கும், பிரிஸ்டலில் தட்டுகளைப் புரட்டியவருக்கும் மரபு என்பது உழைத்துப் பெற வேண்டியதாகவே இருந்தது. பிறப்புச் சான்று கேட்டுக் கலையை எடைபோடும் திறனாய்வு ‘டாம் லின்’ பாடலை ஒரு பழம்பொருளாகச் சுருக்கிவிடும். ‘சேஃப் ஃப்ரம் ஹார்ம்’ பாடலைக் களவு எனத் தள்ளிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கைக்கு வந்ததை இவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கு இவ்விரு தொகுப்புகளும் தத்தம் வழியில் நேர்மையான விடை தருகின்றன. அவ்விடையைச் செவிகொடுத்துக் கேட்ட பின்னரே எது எவருக்குரியது என்னும் தீர்ப்பை எழுதத் தொடங்குதல் தகும்.