அதியேந்திர விஷ்ணுகிருகம்: நாமக்கல் குடைவரையில் ‘இல்லம்’ என்னும் கருத்து

நாமக்கல் நகரின் நடுவே எழும் பாறையின் கிழக்குச் சரிவில் அரங்கநாதர் குடைவரையும் மேற்குச் சரிவில் நரசிம்மர் குடைவரையும் அமைந்துள்ளன. கி.பி. 8ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் இவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அரங்கநாதர் குடைவரையின் கிரந்தக் கல்வெட்டு, அதியர் மரபினனான குணசீலன் அதனைச் செய்வித்தான் எனக் கூறி, ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று பெயர் சுட்டுகிறது.

‘கிருகம்’ என்பது வீடு. இறைவன் உறைவிடத்தை வீடாகக் காணும் வழக்கு தமிழுக்கும் உரியது. ‘கோயில்’ என்ற சொல்லே தலைவனின் இல்லத்தைக் குறித்ததாகும். இக்கருத்து பெயரளவில் நின்றுவிடவில்லை. தூண், போதிகை, உத்திரம் ஆகியன மரவீட்டின் உறுப்புகள். கட்டி எழுப்பும் வீட்டில் இவை கூரையைத் தாங்கும். குடையும் வீட்டிலோ கூரை முன்னரே உள்ளது. தச்சன் கீழிருந்து மேலே செல்ல, சிற்பி வேண்டாத கல்லை நீக்கி உள்ளே செல்கிறான். எனவே இங்கு உத்திரம் சுமை தாங்குவதைவிட, ‘இது வீடு’ என அறிவிக்கும் அடையாளமாகவே பெரிதும் பயன்படுகிறது.

இக்குடைவரைகளைப் பல்லவர் கலை என்ற தலைப்பில் அடக்கிவிடும் போக்கு பொதுநூல்களில் உண்டு. பல்லவ, பாண்டிய மரபுகளின் சாயலை இவற்றில் காண இடமுண்டு. எனினும் சாயலைக் கொண்டு உரிமையை முடிவு செய்தால், கல்வெட்டு கூறும் பெயர் மறைந்துபோகும். பேரரசுகளுக்கிடையே நின்ற ஒரு குறுநில மரபு, பெயர்த்தெடுக்க இயலாத பாறையில் தன் பெயரால் ஒரு வீடு அமைத்தது. அவ்வீட்டைப் பிறர் பெயரில் படிப்பது, கல்லைக் காத்து அதன் வரலாற்றைக் கைவிடுவதாகும்.