பென்சில் வைரம்

செல்போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிய கடைப் பையன், அட்டையில் '9எச்' என்றிருந்ததைக் காட்டி, 'வைரத்துக்கு அடுத்தது சார்!' என்றான். வைரத்துக்கு 10 கொடுத்தது மோஸ் அளவுகோல். ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் கனிமங்களுக்காக வகுத்தது. அட்டையில் இருப்பதோ பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கிழித்தாலும் கீறல் விழாதாம். அவ்வளவுதான்! (செல்போனில் பென்சிலால் யார் எழுதுகிறார்கள்?)

மோஸ் கணக்கில் கண்ணாடி சுமார் 6. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் பித்தளைச் சாவியோடு போன் கிடந்தால் பயமில்லை. பீச்சுக்குப் போய்வந்த பாக்கெட்தான் வில்லன். கீழே விழுந்து உடைவது தனிக் கதை. கடினமான வஸ்து உடையாது என்று யார் சொன்னது?

கிளாஸ் ஒட்டலாம், தப்பில்லை. கீறல் திரையில் விழாமல் அதன்மேல் விழும். இதைச் சொல்லியே விற்கலாமே, வைரம் எதற்கு? பையனிடம் கேட்டேன். 'பென்சில்னு சொன்னா யார் சார் வாங்குவாங்க?' என்றான்.