பிரசவ அறைக்கு வெளியே

தோஹா தொழில்பேட்டையில், எட்டுப் பேர் படுக்கும் எங்கள் அறையில், ஒருவரின் போனில் 'ஈ.ஆர்.' என்ற அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரின் பழைய பாகமொன்றைப் பார்த்தோம். 1995 மார்ச்சில் ஒளிபரப்பானது. எழுத்துக்கும் இயக்கத்துக்கும் எமி விருது பெற்றது. சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்து டொக்டர் கிரீன் அனுப்பிவிட்ட கர்ப்பிணிக்கு, வாகனத் தரிப்பிடத்தில் வலிப்பு வருகிறது. பிறகு நடப்பதெல்லாம் ஓட்டமும் இரத்தமும். குழந்தை பிழைக்கிறது, தாய் இறக்கிறாள்.

மூச்சுவிடாமல் பார்க்க வைக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவில் கமரா யாரோடு போகிறது? ரயிலில் தனியே அழும் டொக்டரோடு. செத்தவள் அவருடைய அனுபவமாகிவிடுகிறாள். குழந்தையோடு மிஞ்சிய கணவன் விடுபட்டுப் போகிறான். தூரத்தில் கிடக்கும் எங்களுக்கு அவன்தான் முக்கியம்.

இன்னொன்று. ஆபத்து அறுவை மேசையில் தொடங்கவில்லை. வலிப்பின் முன்னறிகுறியைத் தவறவிட்ட அந்தச் சாதாரண நிமிடத்தில் தொடங்கியது. ஊரில் கிளினிக்கில் மருத்துவிச்சி பிறஷர் பார்ப்பதும், சிறுநீர் சோதிப்பதும், காலை அமுக்கி வீக்கம் பார்ப்பதும் இதற்காகத்தான். அலுப்பான வேலை. தொடர்களில் அபூர்வமாகவே அதைக் காண்கிறோம்.

படம் முடிந்ததும் மேல்கட்டில் பெடியன் இறங்கி வெளியே போய் ஊருக்குப் போன் எடுத்தான். மனுசிக்கு ஏழாம் மாதம்.

"கால் வீங்கியிருக்கோ? கிளினிக்குக்குப் போனனீரோ?"