மதுரம்: இடைக்கோட்டின் வலப்பக்கம்

டி.ஏ. மதுரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரு இடைக்கோட்டின் சரித்திரமே. 'என்.எஸ்.கே.–மதுரம்.' எழுதுகிறவர்கள் கோட்டின் இடப்பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முடிக்கிற நேரத்தில் வலப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறார்கள். அந்தக் கும்பிடுக்கு 'தியாகம்' என்று பெயர். ஒரு நடிகையின் கலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பித்துக்கொள்ள இதைவிட மரியாதையான வழி நம்மிடம் இல்லை.

விஷயங்கள் தெரிந்தவைதான். 1936-ல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா போனபோது ஒழுகினசேரிக் கிருஷ்ணனும் திருச்சிப் பக்கத்து மதுரமும் பழகினார்கள், மணந்தார்கள். 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலை. அதையொட்டிக் கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் கைது. 1945-ல் ஆயுள் தண்டனை, அப்பீல் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் விடுதலை. ஏறக்குறைய இரண்டரை வருஷம். இந்த இரண்டரை வருஷத்தைச் சத்தியவான் சாவித்திரி கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். யமனுக்குப் பதில் பிரிவி கவுன்சில், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்தச் சாவித்திரி செய்த காரியம் என்ன? எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு நாடகக் கம்பெனியை நடத்தினார். நாடகக் கம்பெனி என்பது தினசரி வசூலில் உயிர் வாழ்கிற ஸ்தாபனம். கொட்டகை வாடகை, சீன்களுக்கு ரயில் சத்தம், நடிகர் சம்பளம், எல்லோருக்கும் சாப்பாடு. இதற்கெல்லாம் மேலே வக்கீல் பீஸ். மழை பெய்தால் வசூல் இல்லை, சம்பளம் உண்டு. நான் அம்பத்தூரில் வங்கி குமாஸ்தா. எஸ்டேட்டைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகள் சிலவற்றில், லேத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் சரக்கு வாங்குவதும் கூலி கொடுப்பதும் மனைவி. பைலில் உரிமையாளர் கணவர். மனைவியின் பெயர் 'ஜாமீன்தாரர்' என்ற கட்டத்தில் இருக்கும். தமிழ்க் கலாசாரத்தின் பேரேட்டில் மதுரம் ஜாமீன்தாரர்.

அந்தக் கம்பெனியிலிருந்து பிரிந்துபோன கே.ஆர். ராமசாமியின் 'கிருஷ்ணன் நாடக சபா'வுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைத்துவிட்டது. அண்ணாதுரையின் 'வேலைக்காரி' அங்கே மேடையேறியதால் கிடைத்த இடம். பிரியாமல் நின்ற பாதிக்கு 'வழக்குச் செலவுக்காக நாடகம் போட்டார்கள்' என்று ஒரு வரி. அவர்கள் மேடையில் போட்ட 'பைத்தியக்காரன்' 1947-ல் படமானதும், விடுதலையாகி வந்த கிருஷ்ணன் அதில் வந்து சேர்ந்துகொண்டதும் அந்த ஒரு வரிக்குள்ளேயே அடக்கம். கிருஷ்ணன் இல்லாத மேடையில் ஒரு ஹாஸ்ய நடிகை ஊர் ஊராக நின்றாள் என்பது கலைச் செய்தியாக யாருக்கும் படவில்லை.

சரி, கலைக்கு வருகிறேன். அதைப் பேசாமல் இதை மட்டும் பேசினால் நானும் தியாகத்தின் பங்காளியாகிவிடுவேன்.

மதுரத்தின் ஹாஸ்யத்தை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஆவடியிலிருந்து காலை மின்சார ரயிலில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கலாம், போனைத் தூக்கிப் பார்க்க முடியாது. படம் சட்டைப்பைக்குள் ஓடும், சப்தம் மட்டும் காதில். நம் முந்தைய தலைமுறைக்கு இது புதிதல்ல. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனில் வந்தது. பிறகு நெடுங்காலம் 'ஒலிச்சித்திரம்' என்று திரைப்படத்தை வானொலியில் காதால் பார்த்தவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால் பக்கத்துக்கு மூன்று நிமிஷமே ஓடும் இசைத்தட்டு. பூந்தமல்லிப் பக்கத்து ஓய்வூதியக்காரர் ஒருவர், சிறுவயதில் காசில்லாமல் டெண்ட் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்தே படம் 'பார்த்ததை' கவுண்டரில் நின்று சொன்னார். "அந்தம்மா மொகம் நெனவில்ல சார். ஆனா அது 'ம்'னு ஒண்ணு சொல்லும் பாருங்க, அதுக்கு உள்ள சிரிப்பாங்க, வெளில நாங்களும் சிரிப்போம்." மதுரத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே விமர்சன வாக்கியம் இதுதான்.

அந்த 'ம்' பிரதியில் கிடையாது. பி.ஏ.வில் ரிச்சர்ட்ஸைப் படித்துவிட்டு, தாளில் உள்ள சொற்களே எல்லாம் என்று நம்பி வந்தவர்கள் நாம். தாளில் இல்லாததை எடைபோட நம்மிடம் படிக்கல் இல்லை. கிருஷ்ணனுக்கு வசனம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கருத்து இருக்கிறது; மேற்கோள் காட்டலாம். மதுரத்திடம் மேற்கோள் காட்ட ஒன்றும் இல்லை. அவர் கேட்கிறார். இரண்டு அர்த்தத்திலும்: கேள்வி கேட்கிறார், காது கொடுத்துக் கேட்கிறார். அவர் எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் கிருஷ்ணனுடைய பதில் சிரிப்பாகிறதா, பிரசங்கமாகிறதா என்பது தீர்மானமாகிறது.

அமெரிக்க வானொலியில் 1932 முதல் கொடிகட்டிப் பறந்த பர்ன்ஸ்–ஆலன் ஜோடியின் கதை இங்கே உதவும். மேடையில் சேர்ந்தபோது ஜார்ஜ் பர்ன்ஸ் ஹாஸ்ய வரிகளைத் தனக்கும் வெறும் கேள்விகளைக் கிரேஸி ஆலனுக்கும் வைத்துக்கொண்டார். ஜனங்கள் கேள்விகளுக்குச் சிரித்தார்கள், பதில்களுக்குச் சிரிக்கவில்லை. பர்ன்ஸ் கெட்டிக்காரர், வரிகளை மாற்றிக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் கேள்வி கேட்கிறவராகவே இருந்தார். தமிழில் அந்த மாற்றம் நடக்கவில்லை. நடந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் இங்கே பதிலுக்கு ஒரு சமூகப் பொறுப்பு இருந்தது. கிருஷ்ணனின் ஹாஸ்யம் சீர்திருத்த ஹாஸ்யம். மூடநம்பிக்கை, குடி, சாதி எல்லாவற்றையும் சிரிக்கவைத்தே திருத்திவிட முடியும் என்ற நம்பிக்கை அதன் உயிர். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அது இல்லாவிட்டால் 'நல்லதம்பி' (1949) இல்லை. அண்ணாதுரை அதை ஃப்ராங்க் காப்ராவின் 1936-ம் வருஷப் படத்தைத் தழுவி எழுதினார் என்பது அதன் மதிப்பைக் குறைத்துவிடாது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் இருக்கிறது. ஆணிடம் விடை, பெண்ணிடம் அறியாமை. மாணவி இல்லாமல் ஆசிரியர் இல்லை. விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாக அவர் பாடுகிற புகழ்பெற்ற பாட்டிலும் விலாசம் 'டி' என்றே முடிகிறது.

மதுரம் இந்தக் கோணலை எதிர்த்து வசனம் பேசவில்லை. பேசும் இடம் அவருக்குத் தரப்படவில்லை. அவர் செய்தது குரலால். அறியாதவள் கேட்க வேண்டிய கேள்வியை, எல்லாம் அறிந்தவள் கேட்கிற தொனியில் கேட்டார். 'இவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், சொல்லட்டும்' என்கிற ஒரு சலிப்பு, அதற்குள் ஒரு பிரியம். பல வருஷம் குடித்தனம் செய்தவளின் பொறுமை அது. இந்தத் தொனி இல்லாமல் கிருஷ்ணனின் வசனத்தை மட்டும் உரக்க வாசித்துப் பாருங்கள். பாதி இடங்களில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் நிற்பார்.

அது எவ்வளவு புதிது என்பதற்கு மேடையின் பழைய பழக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளில் பெண்பாத்திரத்தைப் பையன்கள் போட்டார்கள். ஆகவே சிரிப்பு மூட்டும் பெண் என்பவள் பல காலம் ஆண் வரைந்த கேலிச்சித்திரமாகவே இருந்தாள்: வாயாடி, இடுப்பில் கை, கீச்சுக்குரல். காளிவேஷம் போட்டே பட்டம் வாங்கிய காளி என். ரத்தினத்துடன் 'சபாபதி'யில் (1941) வரும் சி.டி. ராஜகாந்தத்தின் அபாரமான சுறுசுறுப்பிலும் இந்த மரபின் சாயல் உண்டு; அவர் அதைச் சொந்த உடம்பால் வென்றார் என்பது வேறு விஷயம். மதுரம் அந்தப் பக்கமே போகவில்லை. குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினார். 'ஹரிதாஸ்' (1944), 'சந்திரலேகா' (1948) என்று படங்கள் பெரிதாகப் பெரிதாக, சுற்றிலும் இரைச்சல் கூடக் கூட, அவருடைய இந்தத் தணிவு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. ராஜகாந்தத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். மதுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரலாம்.

எல்லாப் படத்திலும் இப்படித்தான் என்று நான் சாதிக்கவில்லை. அவசரத்துக்கு ஒட்டவைத்த ஹாஸ்யப் பகுதிகளில் அவரும் வெறுமே வந்து போகிறார். கிருஷ்ணனே சோர்ந்துவிட்ட இடங்களில் இவரால் தூக்கி நிறுத்த முடியவில்லை. 'ம்' மட்டும் வைத்து எவ்வளவுதான் செய்ய முடியும்?

நம் வட்டத்தில் இதையெல்லாம் பேசுவதற்கு ஒரு கூச்சம் இருக்கிறது. ஜனரஞ்சகம், சினிமா, போதாததற்கு ஹாஸ்யம். கூத்தைப் பற்றிப் பேசலாம், அது கிராமத்தில் இருக்கிறது. பெக்கெட்டின் மௌனத்தைப் பற்றிப் பேசலாம், அது பாரிஸில் இருக்கிறது. ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே மதுரம் விட்ட இடைவெளி டெண்ட் கொட்டகையில் இருந்தபடியால் நமக்கு அது மௌனமில்லை.

கிருஷ்ணன் 1957 ஆகஸ்டில் இறந்தார். மதுரம் 1974 வரை இருந்தார். அந்தப் பதினேழு வருஷம் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் நன்றாகவே நடந்த காலம். 'எழுத்து' வந்து நின்றுபோனது, 'நடை' வந்தது, 'கசடதபற' வந்தது. கேட்கப் போயிருக்கலாம்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இசைத்தட்டுகளையும் படங்களின் ஒலியையும் வைத்துக்கொண்டு அவருடைய பகுதியை மட்டும் எழுதி எடுக்க வேண்டும்: சொற்களை மட்டுமல்ல, 'ம்', 'ஓஹோ', இழுப்பு, மூச்சு, எத்தனை விநாடி சும்மா இருந்தார் என்பது உட்பட. 'நல்லதம்பி'யில் நான் ஆரம்பித்திருக்கிறேன். பழைய தட்டுகள் வைத்திருக்கும் நண்பர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதலாம். தட்டு தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.