இணையப் பாடமும் மாணாக்கர் ஆராய்ச்சியும்

சித்தாந்த நூல்களை ஆராயப் புகும் கல்லூரி மாணாக்கர் இந்நாளில் அச்சுப்புத்தகத்தை எடுத்தற்கு முன்னரே இணையத்தளத்தைத் திறக்கின்றனர். இதனைக் குற்றமென்று கடிதல் நேர்மையன்று. ஓராண்டு தேடியும் கிட்டாத பழம்பதிப்பு, இன்று சிற்றூர் மாணாக்கன் கைக்கும் நொடியில் எட்டுகின்றது. ஆயினும், எட்டியது எத்தகைய பாடம் என்னும் வினா எழாமலே ஆய்வேடுகள் எழுதி முடிக்கப்படுதல் வருந்தத்தக்கது.

தளங்கள் தருவன உரையளவையின்பாற் படும். அவ்வளவைக்கு வன்மை, சொல்லுவோனது தகுதியால் வருவதன்றிச் சொல்லின் அழகால் வருவதன்று. உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கியே மூலபாடத்தை வரையறுத்தனர். ஏடு உதவினோர் பெயர்களையும் முகவுரையில் எழுதிவைத்தனர். இணையப் பாடத்தையும் அவ்வாறே வினாவுதல் வேண்டும். எப்பதிப்பினின்று பெயர்த்தெழுதப்பட்டது? எழுதினார் யார்? ஒப்புநோக்கித் திருத்தினார் யார்?

இவ்வகையில், 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத்திட்டம் பாராட்டற்குரியது. தன்னார்வலர் ஊதியம் பெறாது தட்டெழுதிய நூல்கள் அவை. தட்டெழுதினார், மெய்ப்புத் திருத்தினார் பெயர்கள் பெரும்பாலும் நூன்முகப்பிற் காணப்படும். ஆனால் மூலப்பதிப்பின் பெயரும் ஆண்டும் எல்லா நூல்களிலும் ஒருபடித்தாகத் தரப்பட்டில. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, பழைய புத்தகங்களின் பக்கங்களே படமாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றிற் பிழை காணின் அது பதிப்பித்தார் பிழையே. சொல்லைத் தேடுதற்கு முன்னதும், மேற்கோளைச் சரிபார்த்தற்குப் பின்னதும் துணையாம்.

பிற தளங்கள் பல, எடுத்தவிடங் கூறாது, பதம் பிரித்தும் பாடத்தை வெளியிடுகின்றன. இதனால் விளையுங் கேடு சிறிதன்று. ‘பாசமறுத்து’ என்பது போன்றதொரு தொடரைப் ‘பாசம் அறுத்து’ எனப் பிரிப்பின் உற்ற தளையை நீக்குதலும், ‘பாசம் மறுத்து’ எனப் பிரிப்பின் தளையை ஏலாமையும் பொருளாம். பிரித்தவர் இன்னாரென்றே அறியாத ஒரு பிரிப்பின்மேல், முத்திநிலை பற்றிய கொள்கையொன்றை மாணாக்கன் நாட்டுவானாயின், அது நூலாசிரியர் கொள்கையோ, தட்டெழுதினான் கொள்கையோ? படத்தினின்று பொறி தானே எழுத்தறிந்து தரும் பாடங்களிலும் மயக்கம் உண்டு. ஏட்டில் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நின்று பதிப்பாசிரியரை இடர்ப்படுத்தின. அவ்விரண்டிலேயே பொறியும் இடறுகின்றமை வியப்பே.

பத்துத் தளங்களில் ஒரே பாடம் காணப்படுதலின் அதுவே உண்மைப் பாடமாம் எனின், அற்றன்று. ஒன்பதும் ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தனவாயின் சான்று ஒன்றேயன்றிப் பத்தாகா. எல்லாவற்றினும் ஒரே பிழை நிற்றலே அவை வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும்.

வரலாற்றுச் செய்திகளில் இடர் இன்னும் மிகுதி. சிவஞானபோதத்தின் 12 சூத்திரமும் இரௌரவாகமத்தினின்று மொழிபெயர்க்கப்பட்டன என்பது சிவஞான முனிவர் கொள்கை. தமிழே முதனூல் என்பார் பிற்காலத்துப் பலர். கிடைத்துள்ள இரௌரவாகமப் படிகளில் அச்சூத்திரங்கள் காணப்படாமையை அவர் சான்றாகக் காட்டுவர். ஒரு தளம் முன்னதை முடிந்த முடிபாகக் கூறும். மற்றொன்று பின்னதை அவ்வாறே கூறும். மறுதலைக் கொள்கை ஒன்று உண்டென்பதைத்தானும் இரண்டும் குறியா. முனிவரது மாபாடியத்தையும், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1961 முதல் வெளியிட்ட இரௌரவாகமப் பதிப்பையும் திறந்து பாராத மாணாக்கன், தான் முதலிற் கண்ட தளத்தின் கட்சிக்காரனாய் விடுகின்றான்.

விக்கிப்பீடியாவை முற்றும் இகழ்வாரும் உளர். அதன்கண் ‘வரலாறு’ என்னும் பகுதியில் எவர் எப்பொழுது எதனை மாற்றினார் என்பது காக்கப்பட்டுள்ளது. ‘உரையாடல்’ பகுதியில் அம்மாற்றம் பற்றிய வழக்கும் காணப்படும். இவை அச்சுநூலிலும் இல்லாத நன்மைகள். தன்னை முடிந்த சான்றாகக் கொள்ளற்க என அத்தளமே உரைக்கின்றது. அதன் கட்டுரையடியிற் காட்டப்பட்ட நூல்களைத் தேடிச் செல்லாது, கட்டுரையோடு நின்றுவிடுதலே மாணாக்கர்மாட்டுக் காணப்படுங் குறை. ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியரும் அந்நூல்களைப் பார்த்தனையோ என்று கேளாது கையொப்பமிட்டுவிடுகின்றனர்.