கெலெட்டிகி ஜபாத்தே: இரண்டு பாலஃபோனும் தொலைந்த ஒரு சுருதியும்

மாலி நாட்டுக் கலைஞர் கெலெட்டிகி ஜபாத்தே (1931–2012) பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் "இரண்டு பாலஃபோன்களைச் சேர்த்து வாசித்தவர்" என்ற பாராட்டோட நின்னுடுது. அந்தப் பாராட்டுக்குள்ள ஒரு இழப்பும் இருக்கு. என் கவலை அதைப் பற்றித்தான்.

(பெயர்க் குழப்பம் ஒன்று: கினி நாட்டில் ‘தம்பூரினி’ குழுவை நடத்திய சாக்ஸபோன்காரர் கெலெட்டிகி த்ராவோரே வேறு ஆள்.)

பாலஃபோன் என்பது சட்டகத்தில் வரிசையாகக் கட்டிய மரக்கட்டைகள், அடியில் சுரைக்குடுவைகள். குடுவையில் சிறு துளை போட்டு, சிலந்தியின் முட்டைக்கூட்டிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை ஒட்டுவாங்க. கட்டையைத் தட்டினால் சுரத்தோடு ‘கிர்ர்’ என்று ஒரு அதிர்வும் வரும். கேட்டுப் பழகாதவருக்கு அது ஒலிபெருக்கி கிழிஞ்ச சத்தம். மாண்டே மக்களுக்கு அது இல்லேன்னா வாத்தியமே இல்லை. சுருதியும் தனி: ஒரு ஸ்தாயிக்குள் ஏழு கட்டைகள், ஏறக்குறைய சம இடைவெளியில். கணக்குப்படி ஒவ்வொன்றும் சுமார் 171 சென்ட். பியானோவில் அரைச்சுரம் 100, முழுச்சுரம் 200. அதாவது இந்தச் சுரங்களில் பெரும்பாலானவை கிதாரில் கிடையாது.

கெலெட்டிகி கீத்தா ஊரில் பிறந்தவர். ஜபாத்தே என்பது ஜெலிகளின், அதாவது பரம்பரைப் பாணர்களின், குலப்பெயர். ஆனால் அவர் வளர்ந்த காலம் வேற. கினி 1958-லும் மாலி 1960-லும் விடுதலை பெற்றதும் அரசே இசைக்குழுக்களை வளர்த்தது: மின்கிதார், சாக்ஸபோன், டிரம்பெட். கிதார், வயலின் எல்லாம் வாசிக்கத் தெரிந்த இவருக்கு அங்கே இடம் பிரச்சினையில்லை. பாலஃபோனுக்குத்தான் பிரச்சினை. அவர் கண்ட வழி: வாத்தியத்தை மேற்கத்திய சுருதிக்கு மாத்தி, ஒன்றில் இல்லாத அரைச்சுரங்களைப் பக்கத்தில் இன்னொன்றில் வைத்துக்கொள்வது. பன்னிரண்டும் கைக்குள்ளே.

இதை வெறும் ‘முன்னேற்றம்’னு என்னால் எழுத முடியலை, அந்த 171 போயிடுச்சு. ‘மரபுத் துரோகம்’னும் சொல்ல முடியாது. ஹபீப் கோயிட்டேயின் ‘மா யா’ (1998) கேட்டுப் பாருங்க. அங்கே பாலஃபோன் ஆப்பிரிக்க வாசனைக்காகத் தூவின மசாலா இல்லை. கிதாருக்குச் சமமா உட்கார்ந்து பேசுது, சில இடத்தில் குறுக்கே பேசுது. சுருதியை விட்டுக்கொடுத்தவர் நடையை விடலை: திரும்பத் திரும்ப வரும் அடித்தளச் சுழலும் அதிலிருந்து சட்டென்று கீழே உருண்டு வரும் ஓட்டமும் ஜெலி வாசிப்பேதான்.

அவர் பெயரில் முதல் தனி ஆல்பம் ‘சாந்தியா’ வந்தது 2004-ல். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அரை நூற்றாண்டு பக்கவாத்தியமாக ஓடினதுதான் அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு விலைன்னு எனக்குத் தோணுது. இப்போது லசானா ஜபாத்தே இதே இரட்டை அமைப்போடு வாசிக்கிறார். குரோனோஸ் குவார்டெட்டோடு ‘திரியோ தா காலி’ செய்த ‘லாதிலிகான்’ (2017) ஆல்பத்தில் நாலு மேற்கத்திய நரம்பு வாத்தியங்கள் நடுவே அதைக் கேட்கலாம்.