யாருக்கும் பொருந்தும் படம்

சோழிங்கநல்லூரில் என் ஆபீசுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. காலை வெயிலில் மாஸ்டர் டீ ஆற்றுவதை ஒரு நாள் படமெடுத்தேன். ஆவி, ஒளி, ரெண்டு குவளைக்கு நடுவே நீளும் டீ, அதுக்குப் பின்னால் அவர் முகம். நல்லா வந்திருந்தது. ஸ்டாக் தளம் ஒன்றில் ஏற்றப் போனால், முகம் தெரிகிறது, அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வேண்டும் என்றது. மறுநாள் படிவத்தை நீட்டினேன்.

"இத எங்க போடுவாங்க தம்பி?"

யோசித்தேன். வங்கிக் கடன் விளம்பரத்தில் வரலாம். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய பவர்பாயின்ட்டில் வரலாம். "எனக்கே தெரியாதுண்ணே" என்றேன். "அப்ப கிளாஸ மட்டும் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயைப் போடப் போனார்.

கிளாஸை எடுத்தேன். அது விற்கவும் செய்தது. முதல் மூன்று டவுன்லோடுக்கும் சேர்த்துக் கிடைத்த காசில் அந்தக் கடையில் ஒரு டீ முழுசாக வராது.

படமும் வீடியோவும் விற்றுச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தரும் ஆட்கள் யூடியூபில் நிறைய உண்டு. எந்தத் தளத்தில் எத்தனை சதவீதம், எந்தக் கீவேர்டு ஓடும், ட்ரோன் ஷாட்டுக்கு மவுசு இருக்கா என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். படத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். இங்கே அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஏன்னா ஸ்டாக் போட்டோவும் ஒரு வடிவம்தான். அதுக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது.

அந்த இலக்கணம் முழுக்கக் கழித்தல். லோகோ தெரியக் கூடாது. வண்டி நம்பர் தெரியக் கூடாது. ஊர் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. வாசகம் போட ஒரு ஓரத்தில் காலியிடம் விட வேண்டும். முகத்தில் உணர்ச்சி இருக்கலாம், ஆனால் அது ஒற்றைச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்: மகிழ்ச்சி, கவலை, கூட்டுமுயற்சி. வாங்குபவர் யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி எடுக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்த வேண்டுமானால் படம் எதையும் குறிப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

இந்த வடிவத்தின் உச்சம் என்று ஒரு படத்தைச் சொல்லலாம். நீங்கள் எல்லோரும் பார்த்தது. விண்டோஸ் எக்ஸ்பியைத் திறந்ததும் வரும் பச்சை மேடு, நீல வானம். 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா கவுன்ட்டியில் நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தி சார்லஸ் ஓ'ரியர் எடுத்தது. நேஷனல் ஜியாக்ரஃபிக்குக்குப் பல வருடம் வேலை செய்தவர். படத்தை ஸ்டாக் ஏஜென்சியிடம் கொடுத்து வைத்திருந்தார். 2000இல் மைக்ரோசாஃப்ட் அதன் முழு உரிமையையும் வாங்கியது. 'பேரின்பம்' என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தது.

அந்த மேடு ஏன் அத்தனை பச்சையாக இருந்தது? அது திராட்சைத் தோட்டங்களின் பிரதேசம். தொண்ணூறுகளில் வேரைத் தின்னும் ஃபிலாக்செரா என்ற பூச்சி தாக்கியதில் அந்தப் பகுதியில் ஏக்கர் ஏக்கராகக் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அப்படி வெறுமையான மேட்டில் குளிர்கால மழைக்கு முளைத்த புல்தான் நாம் பார்த்தது. பின்னால் அங்கே மறுபடியும் கொடி நட்டார்கள். அதற்குப் பிறகு அதே இடத்தில் போய் நின்றாலும் அந்தப் படம் கிடைக்காது.

கோடிக்கணக்கான பேர் தினமும் பார்த்த அமைதி, யாரோ ஒரு விவசாயியின் நஷ்டத்தின் மேல் முளைத்தது. படம் இதை மறைக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அது ஒரு செய்திப்படம் ஆகியிருக்கும். டெஸ்க்டாப்பின் பின்னால் வந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணம், மீம்களில் 'வலியை மறைக்கும் ஹரால்டு' என்று திரியும் வெள்ளைத்தாடிப் பெரியவர். நிஜப்பெயர் ஆந்த்ராஷ் ஆராட்டோ, ஹங்கேரிக்காரர், மின்பொறியாளர். அவர் போட்டிருந்த விடுமுறைப் படங்களைப் பார்த்த ஒரு புகைப்படக்காரர் மாடலாக அழைத்தார். டாக்டராக, ஆபீசராக, லேப்டாப் முன்னால் காபியோடு என்று விதவிதமாக எடுத்துத் தள்ளினார்கள். எல்லாம் இலக்கணப்படிதான். ஆனால் சிரிப்புக்கு மேலே இருந்த கண்கள் ஒத்துழைக்கவில்லை. 'மகிழ்ச்சியான முதியவர்' என்ற சொல்லுக்குள் அவர் முகம் அடங்கவில்லை. உலகமே அவரை ஞாபகம் வைத்திருப்பது அதனால்தான். ஸ்டாக் படமாகத் தோற்றதுதான் படமாக ஜெயித்தது.

மாஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வியை அந்தப் புகைப்படக்காரரிடம் ஆராட்டோ கேட்டிருந்தாலும் "எனக்கே தெரியாது" என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்திருக்காது.

இனி காசு. 2000இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, முதலில் டிசைனர்கள் தங்களுக்குள் இலவசமாகப் படம் மாற்றிக்கொள்ளும் இடமாகத்தான் இருந்தது. பிறகு சில்லறைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். 2006இல் கெட்டி இமேஜஸ் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2003இல் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தார். சந்தா வந்ததும் ஒரு படத்துக்குத் தனி விலை என்பதே மங்கிவிட்டது. 2020 ஜூனில் அந்தத் தளம் படம் கொடுப்பவர்களின் பங்கை 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகளாக மாற்றியது. ஒரு டவுன்லோடுக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். எந்தப் படியில் இருந்தாலும் ஜனவரி 1 அன்று எல்லோரும் முதல் படிக்கு இறங்க வேண்டும். பரமபதத்திலாவது பாம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து ஆடலாம். இங்கே காலண்டரே பாம்பு.

விலை விழுந்ததற்குப் போட்டிதான் காரணம் என்பார்கள். கேமரா மலிந்தது, எல்லோரும் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. எல்லோருக்கும் பொருந்துகிற படத்துக்குப் பதிலாக, எல்லோருக்கும் பொருந்துகிற இன்னொரு படத்தை வைத்துவிடலாம். என் கிளாஸ் இல்லையென்றால் இன்னொருவர் கிளாஸ். "எது ஓடுதோ அதை எடு" என்ற அறிவுரையை நாம் எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிறோமோ, அவ்வளவு சுலபமாக நமக்கு மாற்று கிடைத்துவிடும்.

மாற்று வரவும் செய்தது. ஒரு படத்தை ஏற்றும்போது குறைந்தது 7, அதிகபட்சம் 50 கீவேர்டு கேட்கும் தளம் உண்டு. ராத்திரி உட்கார்ந்து 'டீ, கண்ணாடி, ஆவி, காலை, பானம்' என்று நானும் தட்டியிருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலையில் இருந்துகொண்டே எனக்கு இது உறைக்க நாளானது: நான் எழுதிக்கொண்டிருந்தது கீவேர்டு மட்டுமில்லை, லேபிள். சுத்தமான பின்னணி, ஒற்றை உணர்ச்சி, கையால் எழுதிய லேபிள். ஒரு மெஷினுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல தரவு வேண்டுமா? படங்களை உருவாக்கும் மாடல்களுக்குப் பயிற்சித் தரவாக ஷட்டர்ஸ்டாக் தன் சேமிப்பை ஓப்பன்ஏஐக்குக் கொடுத்தது. 2023 ஜூலையில் அந்த ஒப்பந்தத்தை இன்னும் ஆறு வருடத்துக்கு நீட்டித்தார்கள். அடோபி தன் ஸ்டாக் படங்களை வைத்து ஃபயர்ஃப்ளையைப் பயிற்றுவித்தது. படம் கொடுத்தவர்களுக்கு இரண்டு நிறுவனங்களுமே ஏதோ ஒரு பங்கு கொடுத்தன. ஆனால் அது நமக்கு மாற்றாக வரப்போகும் ஒன்றைப் பயிற்றுவித்ததற்கான கூலி.

படத்தில் எதைக் கழிக்கலாம் என்று இருபது வருடமாக நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஊர், பெயர், காரணம் எல்லாவற்றையும் கழித்தோம். கடைசியில் கழிக்க மிச்சமிருந்தது எடுத்த ஆள் மட்டும்தான்.

அதற்காக விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாடகை கட்ட உதவினால் கிளாஸை விற்கலாம், தக்காளியை விற்கலாம், மேகத்தை வீடியோ எடுத்து விற்கலாம். அது ஒரு வேலை, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இலக்கணம் கண்ணுக்குப் பழகிவிடும் என்பதுதான் என் பயம். அந்தக் கடைக்குப் போகிற நாட்களில், பின்னால் இருக்கும் சாமி படமும் கரி படிந்த சுவரும் பிரேமில் வராமல் இருக்க எங்கே நிற்கலாம் என்று என்னை அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே கழித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் முகம் இருக்கும் அந்த முதல் படத்தை பிரின்ட் போட்டு அவரிடமே கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். எங்க போடுவாங்க என்று அவர் கேட்டதற்கு அந்த ஒரு படத்தில் மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.